படகு வழங்கும் பரிஷத்து

என் ஓரகத்தி வினுதாவுக்குப் படகு கிடைத்துவிட்டது. அவள் சேர்ந்து ஏழே மாதம். எனக்கு நாலு வருஷமாகக் கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்று ஊரார் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். அன்றைக்கு நான் கிண்டிய ரவை உப்பிட்டில் உப்பு இரண்டு மடங்கு விழுந்தது. வீட்டில் அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் அதைச் சாப்பிட்டு எழுந்தார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அதிலேயே எனக்குப் புரிந்தது.

படகு என்றால் காவேரியில் போகிற படகு இல்லை. நாவாசனம். தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து மேலே தூக்கி, கைகளை முன்னால் நீட்டி, ஐந்து மூச்சு இழுத்து விட வேண்டும். அவ்வளவுதான். தொட்டில் குழந்தை துணி மாற்றும்போது யாரையும் கேட்காமல் செய்கிறது. ஆனால் மைசூர் சாமுண்டிபுரத்தில் இருக்கும் அகில மைசூரு யோகாசன அனுக்கிரக பரிஷத்தில் அதை யாரும் தானாகச் செய்ய முடியாது. அது கிடைக்க வேண்டும். யோகாலங்கார சேஷகிரி ஆசார்யர் நம் எதிரில் வந்து நின்று "ஆகலி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆகட்டும் என்று அர்த்தம். அதன்பின் பதிவேட்டில் பெயர் ஏறும், கையில் மஞ்சள் பூசிய தேங்காய் வரும், விரிப்பைச் சுருட்டிக்கொண்டு நடையிலிருந்து கூடத்துக்குள் போகலாம். நடை என்பது செருப்பு அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் இடம். படகு கிடைக்காதவர்கள் எல்லோரும் அங்கேதான். நாலு வருஷமாக நான் மற்றவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் மூச்சு இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தச் செருப்புக்கு எப்போது வார் அறுந்தது, எப்போது தைத்தார்கள் என்பது வரை எனக்கு மனப்பாடம்.

படகுக்கு முன்னால் வருவது மரீசி, நாலாவது வகை. ஒரு காலை மடித்து மறு தொடைமேல் போட வேண்டும். அந்த மறு காலைக் குத்துக்காலிட வேண்டும். இடுப்பைத் திருகி, ஒரு கையால் அந்த முழங்காலைச் சுற்றி வளைத்து, முதுகுக்குப் பின்னால் இன்னொரு கையைப் பிடிக்க வேண்டும். என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தேடி அலையும். நடுவில் நாலு அங்குலம் இடைவெளி. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காரியதரிசி லிங்கராஜ அரஸ் தையற்காரர் நாடாவைக் கொண்டுவந்து அளந்து, "நாலு" என்று எழுதிக்கொள்வார். ஒரு ஆனி மாதம் மூன்றரை என்றார். வீட்டில் அன்றைக்கு ஒப்பட்டு, அதாவது போளி, செய்தேன். அடுத்த மாதம், மழை ஈரத்தில் நாடா நீண்டுவிட்டிருந்தது என்று சொல்லி மறுபடியும் நாலாக்கிவிட்டார்.

அரஸ் சார்பதிவாளர் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே நிலத்தைப் பதிவு செய்தார், இங்கே ஆசனத்தைப் பதிவு செய்கிறார். அவரிடம் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"சார், படகு சுலபமான ஆசனம்தானே. அதைக் குடுத்துட்டு, இந்த மரீசியை அப்புறம் வெச்சுக்கக் கூடாதா?"

"நல்ல கேள்வி தாயி. சுலபங்கறதாலதான் குடுக்கறதில்ல. கஷ்டமான ஆசனத்துக்குக் காவல் எதுக்கு? அது தன்னைத் தானே காத்துக்கும். சுலபமானதுக்குத்தான் காவல் வேணும். அவுத்து விட்டோம்னா ஊர்ல இருக்கறவன்லாம் செஞ்சுட்டுப் போயிடுவான். அப்புறம் எங்களை எவன் மதிப்பான்?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் என் கோளாறு.

கை நீள விலக்கு மனு என்று ஒன்று உண்டு என்றும் அவரே சொன்னார். பிறவியிலேயே கை குட்டை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இரண்டு அங்குலம் வரை பரிஷத்து பொறுத்துக்கொள்ளும். நான் போய் கையை நீட்டினேன். டாக்டர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்லாத்தானே இருக்கு" என்று அப்படியே எழுதிக் கொடுத்தார். அரஸ் அதைப் படித்தார்.

"கை சரியா இருக்குன்னு டாக்டரே எழுதிட்டாரு. அப்போ குறை மனசுலதான். மனசுக்கு எங்ககிட்ட விலக்கு இல்ல" என்றார். எந்த மனதில் குறை என்று கேட்கத் தோன்றியது.

வினுதாவைப் பரிஷத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதேதான். அவள் என் மைத்துனர் ரேணுகப்ரசாத்தின் மனைவி. எல்லோரும் ஒரே வீடு, ஒரே சமையல். என்னை ஸ்கூட்டரில் கொண்டுவிட வந்தவளை, "வாசல்ல ஏன் குளிர்ல நிக்கறே, உள்ள வாயேன்" என்று கூப்பிட்டேன். வந்தாள். உட்கார்ந்தாள். ஏழாவது மாதம் மரீசிக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாளே காலை மடித்துப் போட்டுத் திரும்பினாள், கை முழங்காலைச் சுற்றிப் போய் மறு கையைப் பிடித்தது. விரலை இல்லை, மணிக்கட்டையே பிடித்தது. பிடித்துக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இதுதானா அக்கா?" என்றாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். அதனால்தான் இன்னும் எரிகிறது.

படகு கிடைத்த அன்றைக்கு மைத்துனர் அரைக் கிலோ மைசூர் பாகு வாங்கி வந்தார். அவள் பெற்று வந்த தேங்காயைத் துருவிச் சட்னி அரைத்தது யார்? நான். "அக்கா, நாளையிலேர்ந்து உங்க யோகா மேட்டையும் நானே தூக்கிட்டு வரேன்" என்றாள். என் விரிப்பை அவள் நடைவரை தூக்கி வந்து வைத்துவிட்டு, தன் விரிப்போடு கூடத்துக்குள் போவாள். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்த கதைதான்.

என் வீட்டுக்காரர் நஞ்சுண்டய்யா தேவராஜ மார்க்கெட்டில் ஊதுபத்திக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஆறுதலுக்காகச் சொன்னேன்.

"அவ கை நீளம்ங்க. என் எலும்பு அமைப்பே வேற. அந்த நடையில தரையும் ஒரு பக்கம் சரிவா இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "நாலு அங்குலம்தானே ஜலஜா. என் கையை வேணா எடுத்துக்கோ."

அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான், மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடிக்குப் போனேன். வடகம் காய வைத்திருந்தோம். காவலுக்கு வினுதா இருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். அதோடு விடவில்லை. முதுகை வளைத்து, கால்களைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, இரண்டு பாதத்தையும் தன் தலைமேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். புடவைக்கு அடியில் மைத்துனருடைய பழைய பைஜாமா. முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பரிஷத்தில் கூடத்துச் சுவரில் வரிசையாகப் படங்கள் உண்டு. படகுக்கு மேற்பட்ட படங்களுக்கெல்லாம் சிவப்புப் பட்டுத் திரை. எவருக்கு எது கிடைத்ததோ அதுவரை திரையை விலக்கிப் பார்க்கலாம். ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில் நான் கடைசித் திரையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். அதில் இருந்தது இதுதான். விருச்சிகம், தேள். நாற்பத்தேழாவது. வினுதாவுக்குக் கிடைத்திருந்தது பதிமூன்றாவது. பரிஷத்தில் தேள் கிடைத்தவர் ஆசார்யர் ஒருவர்தான்.

அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோணலாக நின்றிருந்தால் சிரித்துவிட்டுக் கீழே போயிருப்பேன்.

கிடைக்காத ஆசனத்தைச் செய்வதற்குப் பரிஷத்தில் திருட்டாசனம் என்று பெயர். வீட்டில் செய்தாலும் திருட்டுதான். நான் கீழே வந்து இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். மறுநாள் ரிஜிஸ்தர் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். பரிஷத்து எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. கையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் இருபது வருஷமாகத் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவள் நான். ஒப்புகை அட்டை இல்லாத எதையும் என்னால் நம்ப முடியாது.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் விசாரணை. கூடத்தில் எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். நடையில் இருந்தவர்கள் வாசற்படி வரை வரலாம் என்று அனுமதி. ஆசார்யர் பலகைமேல் மெத்தை போட்டு அமர்ந்தார். அரஸ் பதிவேட்டைப் பிரித்தார்.

"தாயி, என்ன பாத்தீங்க? சொல்லுங்க."

"தேள் மாதிரி நின்னா சார்."

அரஸ் பேனாவை நிறுத்தினார். "தேள்ங்கற பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்? திரை போட்ட படமாச்சே."

"எங்க வீட்டுக் குளியலறையில நிறைய வரும் சார். அதைத்தான் சொன்னேன்."

அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு வினுதாவின் பக்கம் திரும்பினார்.

"செஞ்சியாம்மா?"

"செஞ்சேன் சார்."

"எதுக்குச் செஞ்சே?"

"வடகத்துக்குக் காவல் இருந்தேன். சும்மா உக்காந்திருந்தா காக்கா பயப்பட மாட்டேங்குது. தலைகீழா நின்னா கிட்டயே வரல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரஸ் முறைத்தார்.

"இந்த ஆசனத்தை உனக்குக் குடுத்தது யாரு?"

"யாரும் குடுக்கல சார். காலைத் தூக்கினேன், வந்துடுச்சு."

அரஸ் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "வழங்கியவர்னு கட்டம் இருக்கு. பெற்றவர்னு கட்டம் இருக்கு. வந்துடுச்சுன்னு போட இதுல கட்டமே இல்ல. ஆசார்யரே, கட்டம் இல்லாத ஒண்ணு நடந்திருக்க முடியுமா?"

"செய்து காட்டச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் ஆசார்யர்.

வினுதா புடவையைச் சொருகிக்கொண்டு முழங்கையை ஊன்றினாள். கால் மேலே போனது. முதுகு வளைந்தது. பாதம் இரண்டும் தலைமேல் வந்து உட்கார்ந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை, ஆசார்யரைப் பார்த்தேன். கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டு, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் தலை வாரும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

அவள் இறங்கினாள். ஆசார்யர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"எனக்குத் தேள் கிடைச்சு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. குருநாதர் கையாலயே தேங்காய் வாங்கினவன் நான். இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவையாவது அதைச் செஞ்சிருப்பேனா? இல்ல. ஒரு தடவைகூட இல்ல. கிடைச்சதை மரியாதையா வெச்சிருக்கேன். நீங்க யாராவது நான் தலைகீழா நின்னு பாத்திருக்கீங்களா?"

"இல்ல ஆசார்யரே" என்று கூடமே சொன்னது.

"அதுதான் சாதனை. இந்தப் பொண்ணு கிடைக்காததை செஞ்சுட்டு நிக்குது. நான் கிடைச்சதைச் செய்யாம வெச்சிருக்கேன். எது பெரிசு? செய்யறதா, கிடைக்கறதா?"

"கிடைக்கறதுதான் ஆசார்யரே."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த நடைக்காரர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அரஸ் தீர்ப்பைப் படித்தார். வினுதாவுக்கு வழங்கிய பதிமூன்று ஆசனங்களும் சூரிய நமஸ்காரம் உட்படத் திரும்பப் பெறப்படுகின்றன. தேங்காயையும் திருப்பித் தர வேண்டும். பரிஷத்தின் எந்த ஆசனத்தையும் இனி அவள் எதிரில் யாரும் செய்யக்கூடாது, அவளும் பார்க்கக்கூடாது. "ஏன்னா இந்தப் பொண்ணுக்குப் பாத்தாலே வந்துடுது. அது ஆபத்து" என்று அவர் காரணத்தையும் சேர்த்துப் படித்தார்.

"தேங்காயை அன்னைக்கே சட்னி அரைச்சாச்சே சார்" என்றாள் வினுதா.

"அப்போ வேற தேங்காய்."

"வேற தேங்காய் நீங்க குடுத்தது இல்லையே சார்."

அரஸ் இதற்கும் கட்டம் தேடினார். ஆசார்யர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜலஜாக்ஷி தாயி சொந்த வீட்டுப் பொண்ணுன்னுகூடப் பாக்காம தர்மத்தைக் காப்பாத்தியிருக்காங்க. இவங்களுக்கு எத்தனை அங்குலம் குறையுது?"

"நாலு" என்றார் அரஸ்.

"அந்த நாலு அங்குலத்தை பரிஷத்து மன்னிக்குது. நாளைக்கு வந்து தேங்காய் வாங்கிக்கோங்க. ஆகலி."

நாலு வருஷம் காத்திருந்த வார்த்தை. என் கையே தன்னால் குவிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வினுதா எழுந்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தன் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அஞ்சரை மணிக்கு நடந்தே போனேன். ஸ்கூட்டர் ஓட்ட ஆள் இல்லை. விரிப்பையும் நானே தூக்கிக்கொண்டேன். மஞ்சள் தேங்காய், பதிவேட்டில் கையெழுத்து, கூடத்தில் இடம். உட்கார்ந்து காலைத் தூக்கினேன். கையை நீட்டினேன். ஐந்து மூச்சு. நடையிலிருந்து பத்துப் பேர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் புட்டதாயம்மாவின் கண்ணில் பொறாமை பொங்கி வழிந்தது. எனக்கு அது போதவில்லை. இத்தனை வருஷமும் நான் மனசுக்குள் இந்தப் படகை விட்டுப் பார்த்ததெல்லாம் புட்டதாயம்மாவுக்காகவா? நான் மேலே, வினுதா கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஏழு மாதமாக அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். வினுதா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஊற வைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை.

"கிடைச்சுதா அக்கா?"

"கிடைச்சுது."

"எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. நாலு வருஷம் எவ்வளவு பாடுபட்டீங்க."

பொய்யாகச் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். குத்திக் காட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லி நிம்மதியாகியிருப்பேன். அவள் மெய்யாகவே சந்தோஷப்பட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, மசாலா டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள்.

"உங்களோடது அக்கா. புதன்கிழமையே போஸ்ட்மேன் குடுத்துட்டுப் போனாரு. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க."

ஒப்புகை அட்டை. அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயர், என் கையெழுத்து. பெற்றவர் என்ற இடத்தில் லிங்கராஜ அரஸ். அனுப்பியவர் வீட்டுக்குத்தான் அது திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். அப்படியானால் வியாழக்கிழமை எல்லாம் தெரிந்துதான் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

"வினுதா, நான் வந்து..."

"விடுங்க அக்கா. ஏழு மாசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் ஏழு மணி வரைக்கும் தூங்கினேன். அவரு பயந்துபோய் நெத்தியைத் தொட்டுப் பாத்தாரு, காய்ச்சலோன்னு." அவள் சிரித்தாள். "என்ன தூக்கம் அக்கா அது."

பாருங்கள், அந்தத் தூக்கத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. மறைப்பானேன்.

அவள் மறுபடியும் அவரையைப் பிதுக்க உட்கார்ந்தாள். ஒரு பருப்பு தெறித்து என் காலடியில் விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டே, "அக்கா, எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றாள். "எத்தனை நாளா நான் பாக்கணும்னு இருந்தேன்."

நான் தேங்காயைக் கீழே வைத்தேன். கேட்கிறாள். அவளே வாய் திறந்து கேட்கிறாள். கீழே உட்கார்ந்துகூட இருக்கிறாள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்காரவும் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"உனக்குக் காட்டக் கூடாது வினுதா. தீர்ப்புல இருக்கு."

"இங்க யாரு பாக்கப் போறா?"

"இன்னைக்குத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். உன் எதிர்ல செஞ்சா அதுவும் திருட்டு."

என்மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"சரி அக்கா, நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க செய்ங்க."

மூடிக்கொண்டாள். நான் காலைத் தூக்கினேன். கையை நீட்டினேன். கூடத்தில் வந்ததைவிட நன்றாகவே வந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது, முழங்கால் மடங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கண்ணையாவது லேசாகத் திறப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு, ஐந்து. காலை இறக்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது, தொடை நடுங்கியது, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"முடிஞ்சுதா அக்கா?" என்றாள் வினுதா, கண்ணைத் திறக்காமலே.